பாட்டுப் போட்டு மூடிய குரல்

புரொஜெக்டருக்கு ஒயர் மாட்டுவதுதான் என் பிழைப்பு. திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளன் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கிறது. உண்மையில் நான் செய்வது, கருத்தரங்குக்கு வரும் பெரிய மனிதர்களின் லேப்டாப்பை அரங்கத்துப் புரொஜெக்டரோடு சேர்த்துவைப்பது. ஒருவர் பழைய வி.ஜி.ஏ. ஒயர் மட்டுமே ஏறும் லேப்டாப் கொண்டுவருவார். இன்னொருவருடையதில் ஒரே ஒரு சின்ன ஓட்டையைத் தவிர வேறெதுவும் இருக்காது. திரை நீலமாக நின்று 'சிக்னல் இல்லை' என்னும். முந்நூறு பேரும் என் முதுகைப் பார்ப்பார்கள். எந்த ஓட்டைக்கும் பொருந்துகிற ஒரு கன்வர்ட்டர் என் தோள்பையில் உண்டு. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இவ்வளவு தெரிந்தவன் என் சொந்த வீட்டுச் சுவரில் என்ன கிழித்தேன் என்று சொல்வதற்காகத்தான் ஆரம்பிக்கிறேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி என்று அவர் ஊர் சொன்னால் தூங்குகிறவர்கள் எழுந்து பையைத் தேடுவார்கள். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவரும் அவரே. மைக் வேண்டாம் என்று ஓரமாகத் தள்ளி வைத்துவிடுவார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. வேலூரில் ஆபரேஷன். குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டு, மூச்சு விடுவதற்குக் கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் நைனா பழைய பெட்டியிலிருந்து தன் விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. காற்றெல்லாம் கழுத்து வழியாகப் போய்விடுகிறது. இரண்டு மூன்று தடவை கன்னத்தை உப்பிப் பார்த்தார். பிறகு விசிலைத் துடைத்துப் பெட்டியிலேயே போட்டுவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் வாசலுக்குப் போய் அழுதேன்.

அதற்கப்புறம் அவருக்குப் பேச்சு என்றால் கட்டிலின் இரும்புக் காலில் டம்ளரால் தட்டுவது. ஒரு தட்டு என்றால் ஸ்டாப், வேண்டாம், இல்லை. இரண்டு தட்டு என்றால் ரைட், சரி, ஆமாம். பஸ்ஸில் விசிலுக்கு இருந்த அதே கணக்கு. நீளமாகச் சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதுவார், அம்மா படிப்பாள். நான்கு வருஷம் இப்படி ஓடியது. பிறகு அம்மாவின் கண் போக ஆரம்பித்தது. முழுக் குருடு இல்லை. கண்ணின் நடுவில் ஒரு மறைப்பு. ஓரத்தில் தெரியும், பெரிதாக இருந்தால் தெரியும். இனி மருந்தில்லை, இருப்பதை வைத்து ஓட்டுங்கள் என்றார் திருப்பதி டாக்டர்.

ஆக, ஒரு வீட்டில் இரண்டு பேர். பேச முடியாதவர் எழுதுகிறார். படிக்க வேண்டியவளுக்கு எழுத்து தெரியவில்லை. நான் சனிக்கிழமைகளில் சித்தூர் வீட்டுக்குப் போகும்போது இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். சிலேட்டு ஜன்னல் மேல் கிடக்கும். அம்மா சொன்னாள்: "நான் பேசிக்கினே கீறேன்டா. அவரு தட்டிக்கினே கீறாரு. இன்னா தட்றாரு, எதுக்கு தட்றாருன்னு யாரு கண்டா?"

கல்லூரியில் கழித்துக்கட்டிய ஒரு புரொஜெக்டரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. எழுத்தை அடி உயரத்துக்குப் பெரிதாக்கினால் அம்மாவுக்குத் தெரியுமே! பெரிய டி.வி. வாங்கலாமே என்றாள் என் மனைவி. எவ்வளவு பெரிய டி.வி.யானாலும் சுவர் ஆகுமா? வீட்டில் வைத்துக்கொள்கிற சின்னப் புரொஜெக்டர் ஒன்றை வாங்கி, என் பழைய லேப்டாப்போடு சித்தூருக்கு எடுத்துப்போனேன். அந்த லேப்டாப்பில் வி.ஜி.ஏ.தான், புரொஜெக்டரில் எச்.டி.எம்.ஐ.தான். நடுவில் ஒரு கன்வர்ட்டர். ஹாலில் காலண்டரையும் வேத வசனப் பலகையையும் கழற்றி, சுவருக்கு வெள்ளை அடித்து, ஜன்னலில் போர்வையை ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். தமிழ் தட்டுகிற மென்பொருளைப் போட்டு எழுத்தை உச்ச அளவுக்கு ஏற்றினேன்.

நைனா ஒற்றை விரலால் தட்டினார். கண்டக்டர் பேசுகிற தமிழ் அப்படியே சுவரில் வந்தது. 'காலைல காபில சக்கர போடல நீ.' அம்மா தலையைச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். மாதக்கணக்கில் பேச்சு இல்லாமல் இருந்த மனுஷன் முதலில் சொன்னது இதுதான்! அவள் சிரித்தாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அடுத்த வரி வந்தது. 'அழுவாத. நீ துன்னியா?'

துன்னியா. சாப்பிட்டாயா என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல். வெள்ளைச் சுவரில் அது அடி உயரத்துக்கு நின்றதைப் பார்த்தபோது எனக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. ஏனென்று அப்போது தோண்டிப் பார்க்கவில்லை.

நான் திருப்பதியில் இருக்கும்போது அவராகவே எல்லாவற்றையும் போட வேண்டும். ஒயர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டருக்குப் போவதற்குப் பச்சை என்று டேப் சுற்றி, முதலில் எது, அடுத்து எது என்று அட்டையில் எழுதி ஒட்டினேன். பஸ் ஸ்டேஜ் வரிசை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டார். ஆனாலும் வாரத்துக்கு ஒரு நாள் மக்கர் செய்யும். அம்மா போன் பண்ணுவாள். "ஊதாவா நிக்குதுடா." நீலத்தை அவள் ஊதா என்பாள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பேன். "எனுக்கு எங்கடா தெரியுது? நைனாவுக்குத்தான் தெரியும்." நைனாவால் சொல்ல முடியாது. பார்க்கிறவருக்கு வாயில்லை, வாய் இருக்கிறவளுக்குக் கண்ணில்லை. பச்சை ஒயர் மாட்டியிருக்கிறாரா என்று நான் கேட்க, போன் வழியாக டம்ளர் இரண்டு தட்டுத் தட்டும். விண்டோஸ் பட்டனையும் பி-யையும் சேர்த்து அழுத்தினாரா? ஒரு தட்டு. அழுத்தச் சொல்லு. கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு அம்மா, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்பாள். முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கத்தில்கூட எனக்கு அவ்வளவு வியர்த்ததில்லை.

இப்படியே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன வருஷம் மாங்காய் சீசனில் நைனாவுக்குக் கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. இந்த முறை ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

"அவரு சத்தம் எனுக்கு மறந்து போவுதுடா. எயுத்து தெரியுது, அவரு இன்னா சொல்றாருன்னு தெரியுது. ஆனா அது எம் மனசுல என் சத்தத்துலதான் கேக்குது. ஒன் கல்யாண கேசட்டு கீதே, அதுல பந்தியில அவரு பேசிக்கினு போவாரே. அத்த சுவத்துல போட்டுக் காட்டு. அவரு போறதுக்கு முன்னால ஒரு தரம் கேட்டுக்கறேன்."

வேறு எதிலும் அவர் குரல் இல்லை. போன் கைக்கு வந்த காலத்தில் நாங்கள் போட்டோவாக எடுத்துத் தள்ளினோமே தவிர, அவர் பேசுவதைப் பிடித்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. பேச்சு எங்கே போய்விடப்போகிறது என்ற நினைப்புத்தான். இருந்த ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜும் தண்ணீரில் விழுந்த போனோடு போயிற்று. ஆகவே கேசட்தான். சரிம்மா என்றேன். அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

என் கல்யாணம் சித்தூர் சர்ச்சில் நடந்தது. பெண் வீட்டார் பாளையங்கோட்டைப் பக்கம், படித்த குடும்பம், மாமனார் தமிழ்ப் பேராசிரியர். மதியம் பந்தியில் நைனா இலை இலையாகப் போய் உபசரித்தார். பிரியாணியை இன்னும் கொஞ்சம் வெச்சிக்கினு துன்னுங்க, கூச்சப்படாம துன்னுங்க, நெறைய துன்னுங்க. பஸ்ஸுக்கே கேட்கிற குரல். பெண் வீட்டு அத்தைமார்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மணமேடையில் உட்கார்ந்திருந்த எனக்குக் காது சூடாகிவிட்டது. வேலூருக்குப் படிக்கப் போன நாளிலிருந்தே நான் அந்த மாதிரிச் சொற்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் கல்யாண வீடியோவில் உள்ள சத்தத்தை எடுத்துவிட்டு மேலே பாட்டுப் போடுவது வழக்கம். எங்கள் சர்ச் ஆட்கள் சினிமாப் பாட்டு வைக்க மாட்டார்கள், கீர்த்தனை வைப்பார்கள். மிக்ஸிங்குக்கு முன்னால் வீடியோக்காரர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். "எல்லாத்துக்கும் பாட்டு போட்டுடறேன் சார். பந்தியில மட்டும் ஒங்க நைனா பேசறது ஜாலியா கீது. அத்த அப்டியே வுட்டுடவா?" நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வேண்டாம், அதிலும் பாட்டுப் போடுங்கள் என்றேன். பெண் வீட்டுக்கும் ஒரு காப்பி போகிறதே என்றுதான். கேசட்டைப் பார்த்துவிட்டு நைனா, "இன்னாடா, நான் வாயத் தொறந்தா கீர்த்தன வருது?" என்று சிரித்தார். வீடியோக்காரர் அப்படிப் போட்டுவிட்டார் என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

வீடியோக்காரர் எங்காவது கொஞ்சம் விட்டிருக்க மாட்டாரா என்ற நப்பாசையும் எனக்கு இருந்தது. அதோடு, வேலையை இழுத்தடித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கேசட்டில் பூஞ்சை என்று ஒரு வாரம். கேசட் போடுகிற வீட்டு டெக் ஓடாது என்று ஒரு வாரம். கிராமங்களில் நற்செய்திப் படம் காட்டுவதற்காக எப்போதோ வாங்கிய டெக் ஒன்று சர்ச் பீரோவில் இருப்பதாக நைனாவே சுவரில் எழுதிக் காட்டிக்கொடுத்தார். அதை எடுத்து வந்து சுத்தம் செய்தேன். அடுத்து கன்வர்ட்டர். டெக்கிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர் வரும். அதை எச்.டி.எம்.ஐ.யாக மாற்ற வேண்டும். நான் வாங்கி வந்தது அதற்கு நேர் எதிரானது, எச்.டி.எம்.ஐ.யை மூன்று ஒயராக மாற்றுவது. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிச் சின்ன டப்பி. புதிதாக வருகிற பையன்களிடம் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள் என்று வருஷாவருஷம் சொல்லுகிறவன் நான். தெரியாமல் வாங்கினேனா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதில் இன்னொரு வாரம் போனது. நைனா இட்லியை விட்டுக் கஞ்சிக்கு வந்திருந்தார்.

நான்காவது சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, போர்வையை இழுத்துவிட்டு எல்லாவற்றையும் மாட்டினேன். புரொஜெக்டரில் எச்.டி.எம்.ஐ. ஓட்டை ஒன்றுதான். லேப்டாப் ஒயரைப் பிடுங்கிவிட்டு டெக்கின் டப்பியைச் சொருகினேன். முதலில் நீலம். டப்பியின் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானைத் தள்ளியதும் படம் வந்தது, கறுப்பு வெள்ளையாக. ஒயரை அழுத்தியதும் கலர் வந்தது. சத்தத்துக்குத் தனி ஸ்பீக்கர் வைத்திருந்தேன். அம்மா சுவருக்கு மூன்றடி தள்ளி நாற்காலி போட்டு, கையைக் கோர்த்துக்கொண்டு, சர்ச்சில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். நைனா கட்டிலில் சாய்ந்திருந்தார்.

ஊர்வலம், மோதிரம், உடன்படிக்கை. பாதிரி ஐயர் கேள்வி கேட்கிற இடத்தில் மட்டும் சொந்தச் சத்தம். மற்றதெல்லாம் கீபோர்டும் கீர்த்தனையும். அம்மா பொறுமையாக இருந்தாள். பந்தி வந்தது. சுவர் முழுக்க நைனா. கறுத்த மீசை, கையில் கரண்டி. வாய் பெரிதாகத் திறந்தது. ஒரு பெண் குரல் ஸ்தோத்திரம் பாடியது.

"சத்தம் வெய்யிடா," என்றாள் அம்மா.

வைத்தேன். பாட்டுத்தான் பெரிதாகியது. சுவரில் நைனா ஒவ்வொரு இலையாகக் குனிந்து பேசிக்கொண்டே போனார். அவர் உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான்கு நிமிஷம் அது ஓடியது. எங்கேயும் வீடியோக்காரர் ஒரு வார்த்தைகூட விட்டுவைக்கவில்லை. நான் சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்.

"ஒயரு தப்பா மாட்டிகீறியா?" என்று அம்மா கேட்டாள். "வேற ஒயர போட்டுப் பாரு நைனா." எப்போதாவது செல்லமாக என்னையும் அவள் நைனா என்பாள். நான் வெள்ளை ஒயரைப் பிடுங்கிச் சிவப்பில் மாட்டினேன், சிவப்பை வெள்ளையில் மாட்டினேன். பயனில்லை என்று தெரிந்தேதான் செய்தேன். உண்மையைச் சொல்லிவிட அந்த நேரம் போதும். வாய் வரவில்லை.

அப்போது டம்ளர் தட்டியது. நைனா லேப்டாப்பைக் காட்டினார். ஏதோ சொல்ல வேண்டுமாம். டெக் ஒயரைப் பிடுங்கி லேப்டாப் ஒயரைச் சொருக வேண்டியவன் நான்தான். அவருக்குத் தெரிந்திருக்கிறது, என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று எனக்குப் பட்டது. ஒயரைத் தலைகீழாகப் பிடித்துத் திணித்தேன், ஓட்டைக்குள் போகவில்லை. மறுபடி தட்டினார். சொருகினேன். வெள்ளைச் சுவரில் கோடு மட்டும் கண் சிமிட்டியது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அவர் தட்டத் தட்ட, நான் பிடுங்கிய டெக் ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

'நாந்தான் பாட்டு போட சொன்னேன். என் சத்தம் எனுக்கே புடிக்கல.'

அம்மா தலையைச் சாய்த்துக் கூட்டிப் படித்தாள். முடிக்க வெகு நேரம் ஆனது.

"நீங்களா சொன்னீங்க?"

இரண்டு தட்டு.

"ஒங்குளுக்குப் புடிக்கலன்னா? எனுக்குப் புடிச்சுதே. என்னெ ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நைனா என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மிக்ஸிங்குக்காக அந்த வீடியோக்காரர் வாராவாரம் திருப்பதிக்குப் போனது நைனாவின் பஸ்ஸில்தான் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. அந்த ஆள் வழியில் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். எல்லாம் தெரிந்துதான் நைனா இத்தனை வருஷம் என் வீட்டில் சாப்பிட்டார், என் பிள்ளைகளைத் தூக்கினார்.

அடுத்த ஒன்பது நாள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. அவர் தட்டியது வெறும் சுவரில் நின்று அணைந்திருக்கிறது. போனில் என்னிடம் சொன்னாள்: "அவரு சத்தத்த அவரே அழிச்சுட்டாருடா. எவனாவது செய்வானா?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்தாம் நாள் அவளாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகு நைனா இருபது நாள்கூட இல்லை. அந்த ஒன்பது நாளை நான் தின்றுவிட்டேன்.

அம்மா இப்போது எங்களோடு திருப்பதியில் இருக்கிறாள். துக்கம் விசாரிக்க வருகிற எல்லோரிடமும் அந்தக் கேசட் கதையைச் சொல்லுகிறாள். சொல்லும்போது செத்தவர் மேல் அவளுக்குக் கோபம் வருகிறது. என் மனைவி காபி டம்ளரோடு என் முகத்தைப் பார்ப்பாள். அவளுக்குத் தெரியும். சொல்லிவிடுங்கள் என்று பல தடவை சொல்லிவிட்டாள்.

வாயால் எனக்கு வராது என்று தெரிந்துபோயிற்று. போன ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த மதியம், புரொஜெக்டரை எடுத்து வைத்தேன். ஜன்னலில் போர்வை, சிவப்பு ஒயர், பச்சை ஒயர். லேப்டாப்பில் தட்டினேன். 'பாட்டுப் போடச் சொன்னது நான்தான் அம்மா. நைனா பேச்சு எனக்கு வெட்கமாக இருந்தது. என்னைக் காப்பாற்ற அவர் பொய் சொன்னார்.' நைனாவுக்காக வைத்த அதே உச்ச அளவு எழுத்து. அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

தலையை இடப்பக்கம் சாய்த்தாள். வலப்பக்கம் சாய்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போடச் சொன்னாள். கிட்டத்தட்ட சுவரைத் தொடுகிற தூரம். எழுத்தின் வெளிச்சம் அவள் நெற்றியில் விழுந்தது.

"வெள்ளையா இன்னாமோ கீதுடா," என்றாள். "எயுத்து ஒண்ணும் தெரியல. அதுவும் போயிடுச்சு போல. இன்னா எயுதிகீற? நீயே படிச்சு சொல்லு."

மூன்றே வரி. என் எதிரில் அடி உயரத்துக்கு நின்றது. வாயைத் திறந்தேன்.

"துன்னியாம்மா," என்றேன்.

முப்பது வருஷத்துக்கு மேலாக என் வாயில் வராத சொல். அம்மா சுவர்ப் பக்கமிருந்து என் பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"ஒங்க நைனா சத்தம் அப்டியே கீதுடா ஒனக்கு," என்றாள். "இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் சுவரில் என் மூன்று வரியும் அப்படியே நின்றுகொண்டிருந்தன. இன்னொரு தரம் என்றாள். சொல்லிக்கொண்டே கையை நீட்டிப் பச்சை ஒயரைப் பிடுங்கினேன்.